குழந்தைகள் நிகழ்ச்சியும் வளர்ந்தவரும்

“வயது அறுபத்தைந்தைத் தாண்டிவிட்டது; முப்பது ஆண்டுகளுக்கு மேல் பாடம் சொன்னவர்; பள்ளிக்குத் தலைமை ஆசிரியராக இருந்தவர். மாலையானால் சிறு பிள்ளைகள் பார்க்கும் பொம்மைப் படத்தின் முன் போய் உட்கார்ந்துகொள்கிறாரே!” என்று காட்டூரில் என்னைப் பற்றிப் பேசிக்கொள்வது உண்டு. பேசுகிறவர்கள் பகைவர்கள் அல்லர். என் நண்பர்கள், உறவினர்கள், என்னிடம் படித்து இன்று பிள்ளை பெற்றுவிட்டவர்கள். ஆகவே அதை நான் வசையாகக் கொள்வதில்லை. ஒரு கேள்வியாகவே கொள்கிறேன். கேள்வி என்று வந்துவிட்டால் விடை சொல்லுவதுதானே ஆசிரியன் தொழில்?

மாணவச் செல்வர்களாகிய உங்களிடம் இதைப் பேசுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. ஆறாம் வகுப்பில் ஒரு தொடரின் கதையை முதலிலிருந்து முடிவு வரை நடித்துக் காட்டிய சிறுவனை நான் அறிவேன். அவனே ஒன்பதாம் வகுப்புக்கு வந்தபோது, மேல் வகுப்பு மாணவர்கள் நடுவே, “அதெல்லாம் குழந்தைகள் பார்ப்பது; நான் பார்த்ததே இல்லை” என்று சாதித்தான். விருப்பம் மாறுவது இயல்பு. அதில் குறையொன்றும் இல்லை. ஆனால் அவனுடைய விருப்பம் மாறவில்லை. அதை மறைக்கும் கலையைத்தான் அவன் கற்றிருந்தான். அந்த வெட்கம் எங்கிருந்து வருகிறது? அது நம் நாட்டில் பழையதா, புதியதா? அதை முதலில் பார்ப்போம்.

பழைய தமிழ் இலக்கியத்தில் பிள்ளைத்தமிழ் என்று ஒரு சிற்றிலக்கிய வகை உண்டு என்பதைப் பாடத்தில் படித்திருப்பீர்கள். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி, சிற்றில், சிறுபறை, சிறுதேர் எனப் பத்துப் பருவங்களில் ஆண்பாற் பிள்ளைத்தமிழ் பாடப்படும். குழந்தை தவழ்வதையும், கை கொட்டுவதையும், நிலவைக் கூப்பிடுவதையும், மணல் வீட்டை மிதிப்பதையும் பாடியவர்கள் பெரும் புலவர்கள். மதுரை மீனாட்சியம்மையைக் குழந்தையாக்கிப் பாடிய குமரகுருபரரைப் பார்த்து, “துறவியாகிய உமக்கு அம்புலியும் ஊசலும் எதற்கு?” என்று எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. அவருக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே பெரியாழ்வார் கண்ணனுக்குத் தாலாட்டும் பாடி, அம்புலியையும் அழைத்துவிட்டார். கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை ஆசிரியராக இருந்தவர். குழந்தைகளுக்காக அவர் எழுதிய பாடல்களை இன்றும் முதியவர்கள் சொல்லி மகிழக் கேட்கிறோம். அழ. வள்ளியப்பா வங்கி அலுவலர். பகலில் கணக்கேடு, மற்ற நேரத்தில் குழந்தைப் பாட்டு. அவர் முன்னின்று 1950ஆம் ஆண்டில் குழந்தை எழுத்தாளர் சங்கத்தைத் தோற்றுவித்தார்.

காட்சிக் கலையிலும் அப்படியே. தோற்பாவைக் கூத்தை எடுத்துக்கொள்ளுங்கள். விளக்கொளியில், வெள்ளைத் திரைக்குப் பின்னால், வண்ணம் தீட்டிய தோல் பொம்மைகள் ஆடும். நடுவே உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் வந்து சிரிப்பு மூட்டுவார்கள். இன்றைய கேலிச் சித்திரப் படத்துக்கு இதைவிட நெருங்கிய உறவினர் நம்மிடம் இல்லை. அதைத் தாத்தாவும் பார்த்தார், பேரனும் பார்த்தான். அது குழந்தைகளுக்கு உரியது என்று யாரும் வேலி கட்டவில்லை.

வேலி பின்னால் வந்தது. வந்த வழியையும் என் கண்ணால் கண்டிருக்கிறேன். சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் தொடங்கியது. எங்கள் பகுதிக்குப் பெட்டி வந்து சேர அதன்பின் பல ஆண்டுகள் ஆயின. வந்தபோதும் ஊருக்கு ஒன்று இரண்டுதான். திண்ணையில் பெட்டியை வைத்துவிட்டால் தெருவே கூடிவிடும். நிலையம் ஒன்று, பெட்டி ஒன்று, கூட்டம் ஒன்று. உழவர்க்கான நிகழ்ச்சியைக் குழந்தைகள் பார்த்தார்கள். ‘கண்மணிப் பூங்கா’வைப் பெரியவர்கள் பார்த்தார்கள். 1986இல் ஆர். கே. நாராயணின் கதைகள் ‘மால்குடி நாட்கள்’ என்னும் தொடராக வந்தன. சங்கர் நாக் இயக்கினார். சுவாமி என்னும் சிறுவன் பள்ளிக்குப் போக மனமில்லாமல் படும் பாட்டைப் பார்த்து, பள்ளிக்கே போகாத முதியவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். 1993இல் ஞாயிறு காலைகளில் காட்டுச் சிறுவன் மோக்ளியின் கதை வந்தது. சப்பானியர் வரைந்த படம், இந்தியில் பேசிற்று. எங்கள் தெருவில் இந்தி அறிந்தவர் எவரும் இல்லை. ஆயினும் ஓநாய்கள் வளர்த்த பிள்ளையின் துன்பத்தைப் புரிந்துகொள்ள மொழி தடையாக இருக்கவில்லை.

பிறகு தனித் தனி அலைவரிசைகள் வந்தன. கார்ட்டூன் நெட்வொர்க் 1995இல் இந்தியாவுக்கு வந்தது. தமிழில் குழந்தைகளுக்கென்றே ‘சுட்டி டிவி’ 2007இல் தொடங்கியது. அதற்கு முந்திய ஆண்டில்தான் தமிழக அரசு இல்லந்தோறும் வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டியை இலவசமாக வழங்கத் தொடங்கியிருந்தது. ஏரிக்கரைக் குப்பங்களில் கீற்று வீடுகளுக்கும் பெட்டி வந்தது இவ்வாறுதான். வீட்டுக்கு வீடு பெட்டி. பெட்டிக்குள் வயதுக்கு வயது அலைவரிசை. ஏன் வயதுவாரியாகப் பிரித்தார்கள்? குழந்தையின் நலம் கருதி மட்டுமா? பிஸ்கட்டும் பொம்மையும் விற்பவருக்குக் குழந்தைகள் கூடும் இடம் வேண்டும். சலவைத்தூளும் நகையும் விற்பவருக்குத் தாய்மார் கூடும் இடம் வேண்டும். சந்தையில் மீனை ஒரு புறமும் கருவாட்டை ஒரு புறமும் வைப்பது போல, பார்ப்பவரைக் கூறு கட்டி வைத்தார்கள். கூறு கட்டியவர் விளம்பரக் கணக்கைப் பார்த்தார். நாமோ அதை மனித இயல்பின் எல்லைக்கோடு என்று எண்ணிக்கொண்டோம். அந்தக் கோட்டைத் தாண்டி அமர்ந்தவனைப் பார்த்துச் சிரிக்கவும் கற்றுக்கொண்டோம்.

இனி, அந்த நிகழ்ச்சிகளில் நான் காண்பது என்ன என்று சொல்லுகிறேன். சான்றுக்கு, மிகுதியாக நகையாடப்படுவதையே எடுத்துக்கொள்வோம். ‘டோராவின் பயணங்கள்’ உங்களில் பலர் அறிந்தது. 2000ஆம் ஆண்டு அமெரிக்காவில் தொடங்கிய தொடர். சுட்டி டிவியில் தமிழ் பேசியது. டோரா என்னும் சிறுமி, புஜ்ஜி என்னும் குரங்கு, பேசும் பை, பேசும் வரைபடம், திருட வரும் குள்ளநரி. டோரா ஒரு கேள்வி கேட்பாள். கேட்டுவிட்டு நம்மையே பார்த்தபடி, கண்ணைச் சிமிட்டிக்கொண்டு, பேசாமல் நிற்பாள். மலை அவளுக்குப் பின்னாலேயே இருக்கும், “மலை எங்கே?” என்று கேட்பாள். வளர்ந்தவர்களுக்குச் சிரிப்பு வருவது இந்த இடத்தில்தான். கல்லூரி மாணவர்கள் இதைப் போலச் செய்து நகைப்பதை நானும் கண்டிருக்கிறேன்.

ஆசிரியர் பயிற்சி பெற்ற எனக்கோ அந்த இடத்தில் சிரிப்பு வரவில்லை. வகுப்பறையில் கேள்வி கேட்டுவிட்டு விடைக்காக ஆசிரியர் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார் என்பதை மேரி பட் ரோ என்னும் அமெரிக்கக் கல்வியறிஞர் 1970களில் ஆராய்ந்து வெளியிட்டார். பெரும்பாலான ஆசிரியர்கள் காத்திருந்த நேரம் ஏறத்தாழ ஒரே ஒரு விநாடி. அதற்குள் விடை வராவிட்டால் அடுத்த மாணவனைக் கேட்பார்கள், அல்லது தாமே விடையைச் சொல்லிவிடுவார்கள். அந்த ஒரு விநாடியை மூன்று விநாடியாக நீட்டச் செய்தபோது மாணவரின் விடைகள் நீண்டன. காரணம் காட்டிப் பேசினார்கள். எப்போதும் வாய் திறவாத பிள்ளைகளும் பேசினார்கள். மூன்று விநாடி என்பது பெரிய நேரம் அன்று. ஆனால் நாற்பது பிள்ளைகளுக்கு முன்னே வாய் மூடி நின்று பாருங்கள். அது ஒரு யுகமாகத் தோன்றும். டோரா அந்த மூன்று விநாடியும் நிற்கிறாள்! அவள் சிமிட்டும் கண்ணுக்கு முன்னால், எங்கேயோ ஒரு நான்கு வயதுக் குழந்தை விரலை நீட்டி மலையைக் காட்டிக்கொண்டிருக்கிறது. அந்தக் குழந்தைக்கு அந்த அமைதி தேவை. நமக்குத் தேவையில்லை என்பதால் அது மூடத்தனம் ஆகிவிடாது.

இதே முறையை 1996இல் தொடங்கிய ‘புளூவின் தடயங்கள்’ என்னும் அமெரிக்கத் தொடர் முன்னரே கையாண்டது. அங்கே இன்னொன்றும் செய்தார்கள். திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து நாளும் ஒரே பகுதியையே ஒளிபரப்பினார்கள். சலிப்பு வரும் என்று பெரியவர்கள் எண்ணுவோம். சிறு குழந்தைகளோ நாளுக்கு நாள் கூடுதலாக விடை சொன்னார்கள். முதல் நாள் கதையைப் பார்த்தார்கள். மூன்றாம் நாள் கதைக்குள் இருக்கும் புதிரைப் பார்த்தார்கள். நம் பாட்டிமார் ஒரே கதையை நூறு முறை சொன்னது சோம்பலால் அன்று என்பது இப்போது விளங்குகிறது அல்லவா?

‘செசமி தெரு’ என்னும் நிகழ்ச்சி 1969ஆம் ஆண்டு நவம்பர் மாதம் அமெரிக்காவில் தொடங்கியது. அதைத் தயாரித்தவர்கள் ஒளிபரப்புக்கு முன்னே ஒரு சோதனை செய்து பார்த்தார்கள். குழந்தையின் முன் தொலைக்காட்சியில் நிகழ்ச்சி ஓடும். பக்கத்தில் மற்றொரு திரையில் ஏழரை விநாடிக்கு ஒரு முறை அழகான படம் மாறிக்கொண்டே இருக்கும். குழந்தை எந்த இடத்தில் நிகழ்ச்சியை விட்டுப் பக்கத்துத் திரையைப் பார்க்கிறது என்று குறித்துக்கொள்வார்கள். கண் விலகிய இடம் திருத்தப்படும். நம் மேடைப் பேச்சாளர்களை இந்தச் சோதனைக்கு உட்படுத்தினால் எத்தனை பேர் தேறுவார்கள் என்று எண்ணிப் பார்க்கிறேன்! (வானொலியில் பேசும் எனக்கு அந்த அச்சம் இல்லை.)

அந்த நிகழ்ச்சியில் பெரியவர்களுக்கு மட்டுமே புரியக்கூடிய நகைச்சுவையையும் வேண்டுமென்றே கலந்து வைத்தார்கள் என்பது நம் பொருளுக்கு நெருங்கியது. பெற்றோர் எழுந்து போய்விடாமல் குழந்தையோடு உட்கார வேண்டும் என்பது நோக்கம். பெரியவர் அருகிலிருந்து பார்த்து, பேச்சுக் கொடுத்தால் குழந்தை கூடுதலாகக் கற்றுக்கொள்கிறது என்று கண்டிருந்தார்கள். ஆக, குழந்தைகள் நிகழ்ச்சியில் வளர்ந்தவனுக்கு இடம் போட்டே வைத்திருக்கிறார்கள். அழைத்த வீட்டுக்குப் போனவனை அழையா விருந்தாளி என்று எப்படிச் சொல்வது?

பிரெட் ராஜர்ஸ் என்பவர் 1968 முதல் 2001 வரை அமெரிக்காவில் ஒரு குழந்தைகள் நிகழ்ச்சியை நடத்தினார். ஆரவாரம் இல்லாத, மெல்லப் பேசும் மனிதர். நிகழ்ச்சியில் தொட்டி மீன்களுக்கு இரை போடுவது அவர் வழக்கம். கண் தெரியாத ஒரு சிறுமி, மீன்களுக்கு இரை போட்டாயிற்றா இல்லையா என்று தனக்குத் தெரியாமல் கவலையாக இருக்கிறது என்று அவருக்கு எழுதச் செய்தாள். அதிலிருந்து அவர், “இப்போது மீனுக்கு இரை போடுகிறேன்” என்று வாய்விட்டுச் சொல்லியே போட்டார். பார்வையுள்ள இலட்சக்கணக்கானவர்களுக்கு அந்தச் சொல் மிகை. ஒரு குழந்தைக்கு அது உணவு. பாடம் சொல்பவன் வகுப்பின் கடைசி இருக்கையை மறக்கக் கூடாது என்று பயிற்சிப் பள்ளியில் எங்களுக்குப் பலமுறை சொன்னார்கள். அது கண்ணால் காணக் கிடைத்தது இங்கேதான்.

எல்லாக் குழந்தைகள் நிகழ்ச்சியும் இப்படி என்று நான் சொல்லவில்லை. பல வெறும் இரைச்சல். 1983இல் அமெரிக்காவில் வந்து பின் நம் நாட்டிலும் புகழ்பெற்ற ‘ஹீ-மேன்’, ஒரு பொம்மை நிறுவனம் தான் விற்ற பொம்மைகளுக்காகப் பிறந்த கதை. அடித்தால் நட்சத்திரம் பறக்கும், விழுந்தால் எழுந்துவிடுவார்கள் என்பதை அரை மணி நேரம் நீட்டும் படங்களும் உண்டு. அவற்றில் வளர்ந்தவனுக்கு மட்டுமன்று, குழந்தைக்கும் ஒன்றுமில்லை. நல்லதையும் தீயதையும் பிரிக்க வேண்டியது இங்கும் உண்டு. ஆனால் வயதைப் பார்த்துப் பிரிப்பது வேறு, தரத்தைப் பார்த்துப் பிரிப்பது வேறு. தேர்வை முன்னே வைத்துக்கொண்டு நாள் முழுதும் இதில் கிடக்கிறவனைக் கண்டித்தால் அது நியாயமே. அதே கண்டிப்பு, நாள் முழுதும் கிரிக்கெட்டில் கிடக்கிறவனுக்கும் உரியது. அவனை யாரும் சிறுபிள்ளை என்பதில்லை. பதினொரு பேர் பந்துக்குப் பின்னால் ஓடுவதும் விளையாட்டுத்தானே!

வெளிநாட்டில் இந்த வேலி தளர்ந்து வருகிறது. ஆஸ்திரேலியாவில் 2018இல் தொடங்கிய ‘புளூயி’ என்னும் தொடர் ஒரு நாய்க்குட்டிக் குடும்பத்தின் கதை. பகுதிக்கு ஏழு நிமிடம். குழந்தை இல்லாத பெரியவர்களும் அதை விரும்பிப் பார்க்கிறார்கள். 2024இல் அமெரிக்காவில் இணையவழியாக மிக அதிக நேரம் பார்க்கப்பட்ட தொடர் அதுவே.

நம் தமிழ்நாட்டில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு, தொலைக்காட்சியில் அன்று, அச்சில் இருக்கிறது. சிவகாசியிலிருந்து 1972இல் ‘முத்து காமிக்ஸ்’ வெளிவந்தது. முதல் இதழில் இரும்புக்கை மாயாவி. 1984இல் ‘லயன் காமிக்ஸ்’ வந்தது. அன்று புத்தகத்துக்குள் ஒளித்து வைத்துப் படித்துப் பிடிபட்ட சிறுவர்கள், இன்று தலை நரைத்த அலுவலர்கள், வணிகர்கள், ஆசிரியர்கள். இடையில் நின்று தளர்ந்த இதழ்கள் 2012 முதல் மீண்டும் ஊக்கத்துடன் வரத் தொடங்கியதற்கு இந்த நரைத்த வாசகர்களே துணை. ஈரோட்டுப் புத்தகத் திருவிழாவை ஒட்டி அவர்கள் கூடி, எந்தக் கதையை மறுபதிப்புச் செய்ய வேண்டும் என்று வாதாடுகிறார்கள். ‘அம்புலிமாமா’வுக்கு அந்தப் பேறு கிடைக்கவில்லை. நாகி ரெட்டியும் சக்கரபாணியும் 1947 ஜூலையில் தெலுங்கிலும் தமிழிலும் தொடங்கிய அந்த இதழ், 2013ஆம் ஆண்டுக்குள் நின்றுவிட்டது. வேதாளத்தைத் தோளில் சுமந்து செல்லும் விக்கிரமாதித்தனை அதில் வரைந்த சங்கர், அரை நூற்றாண்டுக்கு மேல் குழந்தைகளுக்காகவே தூரிகை பிடித்தவர். தொண்ணூற்றாறு வயது வரை வாழ்ந்து 2020இல் மறைந்தார்; மறு ஆண்டில் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. அவர் வரைந்ததைக் குழந்தைகள் மட்டுமா பார்த்தார்கள்? எங்கள் வீட்டில் முதலில் படித்தவர் என் தந்தையார். எனக்குக் கிடைக்க இரண்டு நாள் ஆகும்.

இதுவரை சொன்னது என்னைப் போன்றவர்களின் விருப்பத்தைப் பற்றியது. விரும்பியதைப் பார்க்கக் கூச்சப்பட்டால் எனக்குப் போவது ஒரு மாலைப் பொழுதின் மகிழ்ச்சிதான். சிலருக்கோ அதைவிடப் பெரியது போய்விடும். அதை எங்கள் பக்கத்திலேயே கண்டேன்.

பழவேற்காடு ஏரி, சிலிகாவுக்கு அடுத்தபடி இந்தியாவிலேயே பெரிய உவர்நீர் ஏரி. ஒரு புறம் ஆற்று நீர். ஒரு புறம் முகத்துவாரத்தின் வழியே கடல் நீர். அந்தக் கரையில் ஒரு குப்பத்தைச் சேர்ந்த மீனவர் ஒருவர் எனக்குப் பழக்கம். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். 2020ஆம் ஆண்டு மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. படகுகளும் பல நாள் கரையிலேயே கிடந்தன. 2019 ஆகஸ்டில் தொடங்கப்பெற்றிருந்த அரசின் கல்வித் தொலைக்காட்சி வழியே வீட்டுக்குள் பாடம் வந்தது. ஆறாம் வகுப்பில் படித்த அவருடைய மகன் பாடத்தையும் பார்ப்பான், பாடம் முடிந்ததும் சிறுவர்க்கான மற்ற நிகழ்ச்சிகளையும் பார்ப்பான். தந்தையார் வாயிற்படியில், பெட்டிக்குப் பாதி முதுகைக் காட்டி, மடியில் வலையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வலை தைக்கிறாராம்! அரை மணி நேரமாகியும் ஒரு கண்ணி கூட முடிந்திருக்காது.

ஒரு நாள் சிறுவர் அறிவியல் நிகழ்ச்சி ஒன்றில் கடல் நீர் ஏறுவதையும் வற்றுவதையும் காட்டினார்கள். ஒரு சிறுமி ஆரஞ்சுப் பழத்தைப் பூமியாகவும் எலுமிச்சையை நிலவாகவும் வைத்துக்கொண்டு விளக்கினாள். நிலவின் ஈர்ப்பால் அதற்கு நேரே உள்ள கடலில் நீர் மேலெழுகிறது, எதிர்ப்புறத்திலும் எழுகிறது. பூமி சுழல்வதால் ஓரிடம் நாளுக்கு இருமுறை அந்த மேட்டைக் கடக்கிறது. பூமி ஒரு சுற்று முடிப்பதற்குள் நிலவும் சற்று நகர்ந்துவிடுவதால், மறுநாள் அதே நிலைக்கு வர இருபத்து நான்கு மணியோடு ஏறத்தாழ ஐம்பது நிமிடம் கூடுதலாக ஆகிறது. அமாவாசையிலும் பௌர்ணமியிலும் கதிரவனும் நிலவோடு ஒரே கோட்டில் சேர்ந்து இழுப்பதால் ஏற்றம் மிகுதி. அட்டமியை ஒட்டிக் குறைவு.

அன்று மாலை அவர் என்னைத் தேடி வந்தார். “சார், நாளுக்கு முக்கால் மணிக்கு மேல் தண்ணீர் தள்ளிப் போகும் என்று எங்கள் அப்பா சொன்னார், தாத்தா சொன்னார். அந்தக் கணக்கில்தான் இருபத்தைந்து வருடமாகத் தொழில் செய்கிறேன். ஏன் தள்ளிப் போகிறது என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இந்த வயதில் கேட்டால் சிரிப்பார்கள்” என்றார்.

சிரிக்கத்தான் செய்தார்கள். எப்படியோ செய்தி தேநீர்க் கடைக்குப் போய்விட்டது. அங்கே அவருக்கு ‘டோரா மாமா’ என்று பெயர் வைத்தார்கள். அவர் வாயிற்படியில் உட்காருவதை நிறுத்திக்கொண்டார். தந்தை எழுந்து போனதைக் கண்ட மகன், தானும் பெட்டியை அணைத்துவிட்டுத் தெருவுக்குப் போனான். ‘இது பெரியவர்களுக்கு ஆகாதது, நானோ பெரியவனாகப் போகிறேன்’ என்று அவன் தனக்குள் கணக்குப் போட்டிருக்க வேண்டும். அந்த ஆண்டுகளில் பள்ளியை விட்டுத் தொழிலுக்குப் போய்ப் பிறகு திரும்பாத பிள்ளைகளை நான் அறிவேன். தேநீர்க் கடையில் சொன்ன இரண்டு சொற்கள் ஒரு வீட்டில் எவ்வளவு தூரம் போய்த் தைக்கின்றன, பாருங்கள்!

அவருக்கு நான் அறிவுரை ஏதும் சொல்லவில்லை. ஒரு வேலை கொடுத்தேன். “நிகழ்ச்சியில் சொன்னது திறந்த கடலுக்கு. நம் ஏரிக்குள் அந்தக் கணக்கு அப்படியே பொருந்துமா? உங்களைவிட எனக்கு ஏரி தெரியாது. பையனையும் அழைத்துப் போய்ப் பார்த்துச் சொல்லுங்கள்” என்றேன்.

இருவரும் இரண்டு மூங்கில் கழிகளில் சாண் சாணாகக் கோடு போட்டு, ஒன்றை முகத்துவாரத்தின் அருகிலும் மற்றொன்றை ஏரியின் உட்பகுதியிலும் நட்டார்கள். பத்து நாள், மணி பார்த்து எழுதினார்கள். எழுதியவன் மகன், கழியைப் படித்தவர் தந்தை. முகத்துவாரத்தில் நீர் வற்றத் தொடங்கிய பின்னும் உள்ளே ஏறிக்கொண்டிருந்தது. குறுகிய வாயிலின் வழியே அகன்ற ஏரி நிரம்ப நேரம் பிடிக்கும் அல்லவா? உள்ளே ஏறிய உயரமும் வாயிலில் ஏறியதைவிடக் குறைவு. முகத்துவாரம் மணலால் தூர்ந்துபோகும் ஆண்டுகளில் உள்ளே இறால் குறைவதற்கும் இதற்கும் உள்ள தொடர்பை மகனுக்குத் தந்தையே விளக்கினார். அது எந்த நிகழ்ச்சியிலும் வரவில்லை.

நோட்டுப் புத்தகத்தோடு வந்தபோது அவரிடம் ஒரு கேள்வியும் இருந்தது. “நிலவு இந்தப் பக்கம் இழுக்கிறது, சரி. எதிர்ப் பக்கத்தில் தண்ணீர் ஏன் எழ வேண்டும்? அந்தப் பெண் ஆரஞ்சைத் திருப்பிக் காட்டிவிட்டுப் போய்விட்டாள், சார்.” கல்லூரியில் இயற்பியல் படிப்பவர்களும் தடுமாறும் இடம் அது.

“மூன்று படகுகள் ஒரே வரிசையில் போகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள்” என்றேன். “முன்னே போவது விரைந்து போகிறது, நடுவில் உள்ளது சற்று மெதுவாக, கடைசிப் படகு இன்னும் மெதுவாக. மூன்றும் ஒரே திசையில்தான் போகின்றன. ஆனால் நடுப் படகில் இருப்பவனுக்கு எப்படித் தோன்றும்?”

அவர் பதில் சொல்லவில்லை. நானும் காத்திருந்தேன். பையன் தரையில் மூன்று கிளிஞ்சல்களை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றையும் விரலால் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“முன்னாலும் இடைவெளி விழும், பின்னாலும் விழும், அப்பா” என்றான்.

“முன் படகு நிலவுக்குப் பக்கத்துத் தண்ணீர், நடுப் படகு பூமி” என்று தந்தையார் மெல்லக் கூறி, மூன்றாவது கிளிஞ்சலைத் தொட்டார். “இது பின்தங்கிப் போன தண்ணீர்.”